தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம்: பிள்ளைகளுக்கு என்று தனியாக ஏதாவது இருக்கிறதா?

மிட்ராண்ட்அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு அஞ்சு. போன வருஷம் கலிஃபோர்னியாவுல தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஜூனியர் ரேஞ்சர்னு ஒண்ணு இருக்கு. பையன் கையில ஒரு புத்தகம் குடுத்துடறாங்க. அதுல இருக்கற வேலையெல்லாம் முடிக்கணும், ரேஞ்சர் நடத்துற ஒரு நிகழ்ச்சியில உக்காரணும், ஒரு பை நிறைய குப்பை பொறுக்கிட்டு வரணும். கடைசியில ரேஞ்சர் முன்னாடி கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னா பேட்ஜ். வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத பையன் அங்க குப்பை பொறுக்கினதைப் பார்த்து எனக்கே நம்ப முடியலை.

இப்ப ஜூலை லீவுக்கு குரூகர்ல பெர்க்-என்-டால் கேம்ப்ல இடம் கிடைச்சிருக்கு. "குரூகர்லயும் பேட்ஜ் குடுப்பாங்களாம்மா?"ன்னு தினமும் கேக்கறான். எங்க வீட்டுக்காரர் "சிங்கத்தைக் காட்டுனா போதும், வேற எதுக்கு"ங்கறார். பிள்ளைங்களோட போய் வந்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

பிரிட்டோரியா_காட்டுப்பூனை

முதல்ல கெட்ட சேதி. அமெரிக்காவுல மாதிரி எந்த நாள் போனாலும் கவுண்டர்ல புத்தகம் வாங்கி, சாயங்காலம் பேட்ஜோட திரும்பி வர்ற ஏற்பாட்டை இங்க எதிர்பார்க்காதீங்க. லீவு நாள்ல சில கேம்ப்ல ஆனரரி ரேஞ்சர்கள் (சம்பளம் வாங்காம சேவைக்கு வர்றவங்க) பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்துவாங்க. போய் இறங்கினதும் ரிசப்ஷன்ல கேட்டுடுங்க. இருந்தா அதிர்ஷ்டம்.

இன்னொரு கெட்ட சேதி, சின்னவளைப் பத்தி. ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளைப் பூங்காவோட வண்டியில கேம் டிரைவுக்கு (விலங்கு பார்க்கப் போற சவாரிக்கு) ஏத்த மாட்டாங்க. காலையில துப்பாக்கி ரேஞ்சரோட நடந்து போறதுக்குப் பன்னிரண்டு வயசு ஆகணும். "அழுதா சேர்த்துக்குவாங்க"ன்னு நினைச்சு வந்து கவுண்டர்ல சண்டை போடறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஒருத்தரும் ஜெயிச்சதில்லை. அதனால உங்கள்ல ஒருத்தர் பெரியவனோட டிரைவுக்குப் போங்க, இன்னொருத்தர் சின்னவளோட கேம்ப்ல இருங்க.

இனி நல்ல சேதி. நீங்க எடுத்த கேம்ப் பிள்ளைகளுக்கு ரொம்பத் தோதானது. வேலிக்கு உள்பக்கமாவே ரைனோ டிரெயில்னு ஒரு நடைபாதை இருக்கு. பார்வை இல்லாதவங்களுக்காக பிரெய்ல் பலகையும் வச்சிருக்காங்க. வேலிக்கு அந்தப் பக்கம் சில நேரம் யானை நிக்கும், கழுதைப்புலி வரும். பிள்ளைங்க காரை விட்டு இறங்கிக் காலால நடக்கற இடம் குரூகர்ல ரொம்பக் குறைவு. அஞ்சு வயசுக்கு அது சிங்கத்தைவிடப் பெரிசு. ராத்திரி வெளியரங்குல காட்டு விலங்குப் படம் போட்டாங்கன்னா போர்வையை எடுத்துட்டுப் போங்க, ஜூலையில குளிரும்.

ஒரு பகல் ஸ்குகூசா கேம்புக்கு வண்டியை விடுங்க. அங்க ஸ்டீவன்சன்-ஹாமில்டன் நினைவு நூலகத்துல ஒரு சிங்கத்தோலும் ஒரு கத்தியும் இருக்கு. 1903-ல ஹாரி வோல்ஹூட்டர்னு ஒரு ரேஞ்சர் குதிரையில போனப்ப சிங்கம் அவரைத் தோளைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. இழுபட்டுக்கிட்டே இடுப்புல இருந்த கத்தியை உருவிக் குத்திக் கொன்னுட்டார். அந்தத் தோல்தான் இது. உங்க பையன்கிட்ட காரிலேயே கதையைச் சொல்லிடுங்க, உள்ள போனதும் கண்ணு விரியும்.

லெனேசியா_கார்

பேட்ஜ், புத்தகம், உறுதிமொழி... காட்டுக்குப் போயும் ஹோம்வொர்க்கா? பிள்ளைங்களை விட்டுடுங்கப்பா. நான் என் பசங்களைக் கூட்டிட்டுப் போறப்ப ஒரு தாளும் கையில குடுக்கறதில்லை. ஜன்னலைத் திறந்து வச்சு உக்காருவோம், பார்க்கறதைப் பார்ப்போம்.

செலவையும் யாராவது சொல்லணும். பெட்ரோல், டோல், நுழைவுக் கட்டணம், ரொண்டாவெல் (வட்டக் குடில்) வாடகை. ஒரு மாசச் சம்பளத்துல பாதி போயிடுது. அவ்வளவு செலவு பண்ணிட்டு "இது ரெட்-பில்டு ஆக்ஸ்பெக்கர், டிக் பண்ணு"ன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

பிரிட்டோரியா_காட்டுப்பூனை

கார்த்தம்பி, ஜன்னலைத் திறந்து வச்சு உக்காருன்னா ஒன்பது வயசுப் பையன் எவ்வளவு நேரம் உக்காருவான்? இருபது நிமிஷம். அதுக்கப்புறம் "எப்ப போவோம்", "பசிக்குது", "போனைக் குடு". தார் ரோட்டுல ஐம்பது, மண் ரோட்டுல நாப்பதுக்கு மேல ஓட்டக் கூடாது, கேம்புக்கு வெளிய இறங்கவும் கூடாது. பெரியவங்களுக்கே காலு மரத்துப் போகும். தாள் குடுக்கறதோ குடுக்காததோ, கையில ஒரு வேலை இருந்தாத்தான் கண்ணு வெளிய போகும்.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வார நாட்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இந்தக் கேள்வியைப் பள்ளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த நாட்டில் பிள்ளைகளுக்கான பூங்காத் திட்டங்கள் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவை குடும்பமாகப் போகிறவர்களுக்கு அல்ல, பள்ளிக் குழுக்களுக்கு. தேசியப் பூங்காத் துறை 'கிட்ஸ் இன் பார்க்ஸ்' என்று ஒன்றை நடத்துகிறது. பிக் அன் பே கடைக்காரர்களும் அரசுத் துறைகளும் அதில் கூட்டு. வசதி குறைந்த பள்ளிகளின் மாணவர்களையும் ஆசிரியர்களையும் பூங்காவுக்கு அழைத்துச் சென்று பாடத்திட்டத்தோடு சேர்த்துக் கற்பிப்பார்கள். பூங்காவின் வேலியை ஒட்டி வாழ்ந்தும் யானையை நேரில் பார்க்காத பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு முதலிடம் கொடுப்பது நியாயம்தான். 'இம்பேவு' என்று இன்னொரு முகாம் உண்டு. அதில் வயதான, ஓய்வு பெற்ற வனக்காவலர்கள் தாய்மொழியிலேயே காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். நெருப்பைச் சுற்றி அமர்ந்து தாத்தா கதை சொல்வார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான் பாடமுறை. அச்சடித்த புத்தகத்தைவிட எனக்கு அது பிடிக்கிறது.

எங்கள் நேட்டால் பக்கத்தில் ஹாவிக் அருகே உம்ங்கேனி பள்ளத்தாக்கு இருக்கிறது. வெஸ்ஸா என்ற பழைய இயற்கைச் சங்கம் நடத்தும் இடம். பள்ளிக் குழுக்கள் தங்கி நடக்கலாம். ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் உண்டு, சிங்கம் இல்லை. அதனால் பிள்ளைகள் நடக்கலாம்! அங்கே என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? ஒட்டகச்சிவிங்கி அல்ல, ஆற்றுப் பூச்சி.

மினிசாஸ் என்று ஒரு முறை. வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்ட வேண்டும். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி எந்த வகை என்று பார்க்க வேண்டும். தும்பியின் குஞ்சு, நண்டு, அட்டை, புழு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மதிப்பெண். கல்லீ (ஸ்டோன்ஃப்ளை) போன்ற சில பூச்சிகளுக்கு அழுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது, அவற்றுக்கு மதிப்பெண் அதிகம். புழுவும் அட்டையும் எதையும் தாங்கும், அவற்றுக்குக் குறைவு. சராசரி போட்டால் ஆறு எவ்வளவு நலமாக இருக்கிறது என்று தெரியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டுப் பின்னால் ஓடும் உம்ஹ்லதுசானாவில் அதையே செய்தோம். தட்டில் புழுவும் அட்டையும்தான். "மிஸ், இது ஏன் இப்படி?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் ஒரு பருவம் முழுவதும் வேலை செய்தோம்.

லெனேசியா_கார்

டீச்சர், இதை ஒத்துக்கறேன். தண்ணியில இறங்கறது ஹோம்வொர்க் இல்லை.

மிட்ராண்ட்அம்மா

டீச்சர், படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. ஆனா எங்க பையன் படிக்கற ஸ்கூல்ல இதெல்லாம் கிடையாது. வருஷக் கடைசியில ஒரு வாட்டர் பார்க் டிரிப், அவ்வளவுதான். குடும்பமா போறவங்க என்ன செய்யறது?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா

அம்மா, என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை தட்டச்சு செய்து தருகிறான்.

நீங்கள் எல்லோரும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பேசுகிறீர்கள். எதுவுமே இல்லாத காலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் பிள்ளையாக இருந்த நிறவெறிக் காலத்தில் நேஷனல் பார்க் என்றால் பள்ளிப் புத்தகத்துப் படம். குரூகரில் நம் ஆட்களும் கறுப்பர்களும் இரவு தங்க பாலூலே என்ற ஒரு சின்ன இடம்தான். ஆறு குடிசை, மின்சாரம் கிடையாது, லாந்தர் விளக்கு. மற்ற கேம்ப் எல்லாம் வெள்ளையருக்கு. யார் அவ்வளவு தூரம் அதற்காகப் போவார்? எங்களுக்குக் கடற்கரையே பிரித்துக் கொடுத்தது, காடு எங்கே?

இன்னொன்று கேளுங்கள். ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியன் தங்கக் கூடாது என்று 1891-லேயே சட்டம். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஜோஹானஸ்பர்க் போகிற வழி அந்த மாகாணத்து ஹாரிஸ்மித் ஊர் வழியாகத்தான். என் அப்பா அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தவே மாட்டார். ஆயா சோறு கட்டிக் கொடுப்பாள், காரிலேயே சாப்பிடுவோம், இருட்டும் முன் எல்லை தாண்டிவிட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தச் சட்டம் போனது. ஹாரிஸ்மித்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கோல்டன் கேட் பூங்கா. 1963-லேயே திறந்ததாம். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வழியாகப் போனோம், வந்தோம், அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

போன குளிர்காலம் என் மகன் எல்லோரையும் அங்கே அழைத்துப் போனான். பேரன் அந்த மஞ்சள் பாறையைப் பார்த்து, இங்கேதான் டைனோசர் முட்டை கிடைத்தது என்று எனக்குப் பாடம் எடுத்தான். 1976-ல் கண்டெடுத்தார்களாம், மாசோஸ்பாண்டைலஸ் என்று பெயர் சொன்னான். முட்டைக்குள் குஞ்சு உருவம் அப்படியே கல்லாகி இருக்கிறதாம். நான் அவனிடம் ஹாரிஸ்மித் கதையைச் சொன்னேன். "தாத்தா, டாய்லெட் வந்தா என்ன செய்வீங்க?" என்றான். அதுதான் அவனுக்கு முக்கியம்.

ஆகவே அம்மா, நம் குடும்பங்களுக்குக் காட்டுக்குப் போகிற பழக்கம் ஏன் இல்லை என்று கேட்டால் காரணம் சோம்பல் இல்லை. பழகவே விடவில்லை.

கேப்டவுன்_யாழ்ப்பாணம்

ஐயா, வாசிக்க நெஞ்சு கனக்குது. எங்கட கதையும் கொஞ்சம் அப்பிடித்தான். ஊரில காடு எண்டா எங்களுக்குப் பயம். இலங்கையில வில்பத்து தேசியப் பூங்கா சண்டையால கன வருசம் பூட்டிக் கிடந்தது. நான் சிறுத்தையை முதன்முதலா ஒழுங்காப் பாத்தது இஞ்ச தென்னாபிரிக்காவில தான்.

மிட்ராண்ட் அக்கா, நீங்கள் எப்பவாவது கேப்டவுன் பக்கம் வந்தால் பிள்ளையளுக்கு இஞ்ச சுகம். மலேரியா இல்லை, கனதூரம் ஓடவும் தேவையில்லை. டேபிள் மவுண்டன் தேசியப் பூங்கா நகரத்துக்குள்ளயே கிடக்கு. போல்டர்ஸில பலகைப் பாதையால நடந்து போய் பெங்குவினைக் கிட்டத்தில பாக்கலாம். ஆனால் தொட விடாதேங்கோ, கொத்தினால் சதை வரும். 2024-இல அதை 'மிக அருகிய இனம்' பட்டியலில சேத்துப்போட்டினம், மீன் குறைஞ்சுபோனது ஒரு பெரிய காரணம். என்ர மகள் அதைக் கேட்டுப்போட்டு வீட்டில சார்டீன் ரின் வாங்கக்கூடாது எண்டு சண்டை.

கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்தில மரங்களுக்கு மேலால வளைஞ்சு போற நடைபாலம் இருக்கு, பூம்ஸ்லாங் எண்டு பேர். கொஞ்சம் ஆடும். பெரியாக்கள் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு போவினம், பிள்ளையள் ஓடுவினம். பதின்ம வயசுப் பிள்ளையளுக்கு டூ ஓசன்ஸ் அக்குவேரியத்தில இளம் உயிரியலாளர் எண்டு ஒரு வகுப்பு நடக்கிறது, லீவில. இடம் கெதியா முடிஞ்சிடும்.

பபூனுக்கு மட்டும் சாப்பாடு காட்டாதேங்கோ. கார் கதவைத் திறக்கத் தெரிஞ்ச குரங்கு அது.

நெல்ஸ்ப்ரூட்_மருந்துக்கடை

பிள்ளைகளின் பேட்ஜ் இருக்கட்டும், முதலில் மலேரியா. யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

குரூகர் மலேரியா பகுதி. செப்டம்பரிலிருந்து மே வரை ஆபத்து, மழைக்குப் பிறகு அதிகம். ஜூலையில் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஐந்து வயதுக் குழந்தை என்பதால் கட்டாயம் மருத்துவரைக் கேளுங்கள். சில மாத்திரைகள் எடைக்குத் தகுந்த அளவில் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கூடாது. பெரியவர்களுக்கு வாங்கியதைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். சாயங்காலம் முழுக்கைச் சட்டை, பேண்ட், கொசு மருந்து. வேப்பெண்ணெய் மட்டும் போதும் என்று பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரத்திலோ சில வாரங்களிலோ காய்ச்சல் வந்தால் "குரூகர் போயிருந்தோம்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஜோபர்கில் இருக்கிற டாக்டர் சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

மலேரியாவே வேண்டாம் என்பவர்களுக்கு பிலானெஸ்பர்க், மரகேலே, அடோ பூங்காக்கள் இருக்கின்றன. பிலானெஸ்பர்க் மிட்ராண்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள்.

டர்பன்_பிரியாணி_டெக்சி

பிலானெஸ்பர்க் போனோம், சிங்கமே வரலை. முழு நாள் வேஸ்ட்.

பிரிட்டோரியா_காட்டுப்பூனை

மறைவிடத்துல (ஒளிஞ்சு உக்காந்து விலங்கு பார்க்கற குடில்ல) உக்காந்தீங்களா? மான்க்வே அணைக்கரையில ஒரு மறைவிடம் இருக்கே.

டர்பன்_பிரியாணி_டெக்சி

சிங்கம் தேடத்தான் போனோம், உக்கார இல்லை 😂

பிரிட்டோரியா_காட்டுப்பூனை

அதுதான் பிரச்சினை. பெரியவங்க சிங்கம் சிங்கம்னு அலையறதைப் பார்த்துத்தான் பிள்ளைங்களும் இம்பாலாவைப் பார்த்து "சே"ங்குது. பத்து கார் நிக்கற இடத்துல பதினோராவதா நின்னு ஒரு வாலைப் பார்த்துட்டு வர்றதுக்கு என்னத்துக்குக் குரூகர்.

என் பழக்கத்தைச் சொல்றேன். சின்னப் பிள்ளைங்க கூட வந்தா பெரிய ஐந்தை (சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம்) நான் விட்டுடுவேன். சின்ன ஐந்து இருக்கு: குழியானை, எருமை நெசவுப் பறவை, சிறுத்தை ஆமை, மூக்கு நீண்ட யானை மூஞ்சூறு, காண்டாமிருக வண்டு. குழியானைக்கு எங்கயும் போக வேண்டாம், கேம்ப்லயே கூரை ஓரத்து உலர்ந்த மணல்ல புனல் புனலாக் குழி இருக்கும். ஊர்ல நாம விளையாடினதுதான். ஒரு எறும்பை ஓரத்துல விட்டுப் பார்க்கச் சொல்லுங்க, அஞ்சு வயசுக்கு அரை மணி நேரம் போயிடும். யானை மூஞ்சூறு கண்ணுல படறது ரொம்பக் கஷ்டம், சிறுத்தையே தேவலை.

பெரியவனுக்குப் பறவை. குரூகர்ல 'பிக் சிக்ஸ்'னு ஆறு பறவை வச்சிருக்காங்க. தரைக் கொம்பன், கோரி பஸ்டர்ட், லாப்பெட் கழுகு, மார்ஷியல் ஈகிள், சேடில்பில் நாரை, அப்புறம் பெல்ஸ் மீன் ஆந்தை. அஞ்சு கிடைக்கும். ஆந்தைக்கு வடக்க பஃபூரி வரைக்கும் போகணும், அதை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம்.

கேம்ப் ரிசப்ஷன்ல இன்னைக்கு யார் எங்க எதைப் பார்த்தாங்கன்னு பலகையில குறிப்பாங்க. பையனே போய்க் குறிக்கட்டும். காண்டாமிருகத்தை மட்டும் குறிக்க மாட்டாங்க. ஏன்னு கேட்பான். வேட்டைக்காரனுக்கு வழி காட்டக் கூடாதுன்னுதான்னு சொல்லுங்க. ஒன்பது வயசுக்கு அது தெரியலாம்.

உம்லங்கா_பதினேழு

ஹாய் ஆண்ட்டி, அங்கிள்ஸ். எனக்குப் பதினேழு வயசு. எங்க டீச்சர் (மேல எழுதியிருக்காங்களே, அவங்கதான், சனிக்கிழமை கிளாஸ்) இதுல எழுதச் சொன்னாங்க.

நான் நேட்டால்ல இருக்கற இம்ஃபோலோசி காட்டுல வில்டர்னஸ் டிரெயில் (காட்டு நடைப்பயணம்) போனேன். வில்டர்னஸ் லீடர்ஷிப் ஸ்கூல் நடத்துறது. 1957-ல இயான் பிளேயர் ஆரம்பிச்சது. வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாத்தினவர். அவருக்குக் காட்டைக் கத்துக்குடுத்தது மகூபு என்டோம்பேலான்னு ஒரு ஜூலு தாத்தா. எங்க கைடு அவர் கதைதான் அதிகம் சொன்னாங்க.

போன், வாட்ச் எல்லாம் முதல் நாளே வாங்கிடுவாங்க. முதுகுல பையோட நடக்கணும். டென்ட் கிடையாது, வேலி கிடையாது, வானத்துக்குக் கீழ படுக்கணும். ராத்திரி ஒவ்வொருத்தரா முறை போட்டு நெருப்புப் பக்கத்துல காவல் இருக்கணும். மத்த எல்லாரும் தூங்குவாங்க, நீங்க மட்டும் டார்ச்சோட. அப்பப்ப எழுந்து சுத்தி டார்ச் அடிச்சுப் பார்க்கணும். கண்ணு மின்னினா கைடை எழுப்பணும்.

என் முறையில கழுதைப்புலி கத்திச்சு. நிஜமாவே அழுதுட்டேன். ஆனா யாரையும் எழுப்பலை, ஏன்னா அது தூரமா இருந்துச்சு, அது தூரம்னு எனக்குத் தெரிஞ்சுது. அதுதான் பெரிய விஷயம்.

எங்க அம்மா முதல்ல விடவே மாட்டேன்னாங்க. "பொண்ணைக் காட்டுல படுக்கப் போடறதா"ன்னு பெரியம்மா வேற. டீச்சர் வீட்டுக்கு வந்து பேசினாங்க. பேட்ஜெல்லாம் எதுவும் தரலை.

டர்பன்_பிரியாணி_டெக்சி

பாப்பா, நீ பெரிய ஆளு. எனக்கு அதே பூங்காவோட ம்பீலா கேம்ப்லயே தூக்கம் வரலை, அங்க வேலி இல்லைன்னு போன பிறகுதான் தெரிஞ்சுது. கறிச்சட்டியைக் கழுதைப்புலி தூக்கிட்டுப் போயிடுச்சு.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

மிட்ராண்ட் சகோதரிக்கு. குடும்பமாகப் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நான் சொல்வது இரண்டு வழி.

ஒன்று, இப்போதைக்கு. எங்கள் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் தமிழில் ஒரு தாள் தயாரித்திருக்கிறார்கள். லெனேசியாத் தம்பி கோபிக்க வேண்டாம், இதில் டிக் போடுகிற வேலை கிடையாது. ஒரு நீர்நிலைப் பக்கம் வண்டியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் யாரும் பேசாமல் இருந்து, காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். வெள்ளைச் சாணம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும் (கழுதைப்புலி எலும்பைத் தின்பதால் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும்; இந்தக் கேள்விக்குச் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை). எந்த மிருகத்தின் முதுகில் எந்தப் பறவை உட்கார்ந்திருக்கிறது, அது அங்கே என்ன செய்கிறது என்று வரைய வேண்டும். கேம்ப் காவலாளியிடமோ அறை சுத்தம் செய்யும் அக்காவிடமோ ஒரு மிருகத்தின் பெயரை அவர்கள் மொழியில் கேட்டு எழுத வேண்டும். உங்கள் மகன் பேட்ஜ் கேட்டால் வீட்டிலேயே ஒன்று தைத்துக் கொடுங்கள்.

இரண்டு, கொஞ்சம் மெதுவானது. திட்டங்கள் குழுக்களுக்குத்தான் என்றால் நாம் குழுவாகிவிடலாமே? தமிழ்ப் பள்ளி ஒரு குழு. கோயில் இளைஞர் மன்றம் ஒரு குழு. ஆடியில் கூழ் ஊற்ற அறுநூறு பேருக்கு அடுப்பு மூட்டுகிற நமக்கு இருபது பிள்ளைகளை ஒரு பேருந்தில் ஏற்றுவது கடினமா? நாங்கள் முதலில் சாட்ஸ்வர்த்திலேயே சில்வர்க்ளென் காப்பகத்துக்கு நடந்துதான் போனோம். அங்கே மூலிகை நாற்றுப் பண்ணை இருக்கிறது. காட்டிலிருந்து பட்டையுரித்து அழிந்துபோகிற மரங்களை அங்கே நாற்றாக வளர்க்கிறார்கள். செலவு, ஆளுக்கு ஒரு ரொட்டி. அதன் பிறகுதான் உம்ங்கேனி, அதன் பிறகு கடலோரத்துச் செயின்ட் லூசியா.

செயின்ட் லூசியாவில் படகில் போனால் நீர்யானைக் கூட்டத்தைப் பக்கத்தில் பார்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே இசிமங்கலிசோ பூங்காவின் கடற்கரையில் ஆமை முட்டையிட வரும், குஞ்சும் பொரிக்கும், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு இரவில் போகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது நேரம் கெட்ட நேரம், பத்து வயதுக்கு மேல் என்றால் சரி.

செப்டம்பரில் தேசியப் பூங்கா வாரம் வரும். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்குப் பகல் நுழைவு இலவசம், அடையாள அட்டை வேண்டும். செலவைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு இது.

லெனேசியா_கார்

கோபமெல்லாம் இல்லை டீச்சர். அந்தத் தாள் எனக்கும் வேணும். காது கேள்வி நல்லா இருக்கு. என் பெரியவன் வாயை மூடினா அதுவே ஒரு சாதனை.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். கோயில் குழுவா போனா டெக்சி (பிரியாணி அண்டா), ஸ்பீக்கர், கேரம் போர்டு எல்லாம் கூட வரும். போன வருஷம் ஒரு பிக்னிக் இடத்துல நம்ம ஆளுங்களே குரங்குக்கு ரொட்டி போட்டு வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. சாப்பாடு போட்டுப் பழக்கினா குரங்கு மனுஷனைத் தாக்கும், அப்புறம் அதைச் சுட்டுடுவாங்க. பிள்ளைங்களுக்கு முன்னாடி மாமாங்களுக்குத்தான் முதல்ல ஒரு திட்டம் வேணும்.

டர்பன்_பிரியாணி_டெக்சி

யாரைச் சொல்றீங்கன்னு புரியுது. டெக்சி வரும், ஸ்பீக்கர் வராது. போதுமா?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா

டீச்சரம்மா, பேருந்து எப்போது புறப்படுகிறது என்று சொல்லுங்கள். வயதான ஒருவருக்கு முன் சீட் வேண்டும். கோல்டன் கேட் போவதாக இருந்தால் ஹாரிஸ்மித்தில் நிறுத்தித்தான் சாப்பிட வேண்டும், அது என் நிபந்தனை.

சாட்ஸ்வர்த்_டீச்சர்

உங்களுக்கு முன் சீட் உறுதி ஐயா. தாள் வேண்டியவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், அனுப்பிவிடுகிறேன். யாராவது மாற்றி எழுதினால் எனக்கும் ஒரு பிரதி வேண்டும். குரூகரின் மோபானி மரம், ஆலிஃபன்ட்ஸ் ஆறு இவற்றைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியவில்லை, நாங்கள் நேட்டால்காரர்கள்.

மிட்ராண்ட்அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரருக்கு முழு இழையையும் படிச்சுக் காட்டினேன். சிங்கத்தோலும் கத்தியும் இருக்குன்னதும் அவரே "ஸ்குகூசா கட்டாயம் போறோம்"னுட்டார். டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கியாச்சு. டிரைவுக்கு அவரும் பெரியவனும், கேம்ப்ல நானும் குழியானையும். டீச்சர், தாள் வந்துடுச்சு. ரிசப்ஷன்ல ஸ்வாசி பேர் கேட்டு எழுதறேன்னு இப்பவே பயிற்சி பண்றான்.

கடைசியா ஒண்ணு. மிட்ராண்ட்ல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்? காலை டிபன் முடிச்சுட்டுப் பத்து மணிக்குக் கிளம்பலாம்னு இவர் சொல்றார்.

பிரிட்டோரியா_காட்டுப்பூனை

பத்து மணியா! ஜூலையில கேம்ப் கதவு சாயங்காலம் அஞ்சரைக்கு மூடிடுவாங்க. என்-4 நெடுஞ்சாலையில லாரி நெரிசல், ரோடு வேலை எல்லாம் இருக்கும், ரெண்டு பிள்ளைங்களோட நாலு தடவை நிறுத்துவீங்க. பூங்காவோட மலேலேன் கேட்ல பதிவு பண்ண வரிசை வேற. கேட்ல இருந்து கேம்ப் கிட்டத்துலதான், ஆனா யானை ரோட்டுல நின்னா அது எப்ப நகருதோ அப்பதான் நீங்க நகரணும். லேட்டானா அபராதம்.

காலையில அஞ்சு மணிக்குப் பிள்ளைங்களைத் தூக்கத்தோட அப்படியே தூக்கி கார்ல போட்டுக் கிளம்புங்க. இட்லி கட்டிக்குங்க. மச்சாடோ டோல் தாண்டினதும் நிறுத்திச் சாப்பிடலாம், மத்தியானம் கேட்ல இருப்பீங்க. கையில அடையாள அட்டை, புக்கிங் தாள் ரெண்டும் வச்சுக்குங்க, டிக்கியில போட்டுடாதீங்க.